விற்றவர்களும் பெற்றவர்களும்: மணவாளக்குறிச்சி, கிள்ளியூர் கருமணல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பதாக இருந்தது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். (இந்தியா) திட்டம் வைத்திருந்தது. அதைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்கான கூட்டம் அது. ஊர்களில் எதிர்ப்பு கிளம்பவே கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

எதிர்த்தவர்களுக்கு அந்த நிறுவனம் புதிதல்ல. ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில், மணவாளக்குறிச்சியில், அதன் ஆலை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடுகிறது. குமரி மேற்குக் கடற்கரையில் 'மணல் கம்பெனி' என்றால் எது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலைக்கு மணல் கொடுத்துப் பிழைத்த குடும்பங்களும் இருக்கின்றன. இத்தனை காலம் ஒரே மாவட்டத்தில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு, அடுத்த வட்டத்தில் கால் வைக்கும்போது நம்பிக்கை ஏன் கைகொடுக்கவில்லை? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. கதிர்வீச்சு பயம், அரசியல், மதம் என்று உடனடிப் பதில்கள் பல உண்டு. எனக்குத் தோன்றும் பதில் வேறு. மணவாளக்குறிச்சியில் மக்கள் நிறுவனத்துக்கு மணல் விற்பவர்களாக இருந்தார்கள். கிள்ளியூரில் அவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் நலத்திட்டம் பெறுபவர்களின் இடம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை எந்தச் சமூகப் பொறுப்பு நிதியாலும் கடக்க முடியவில்லை.

கடல் பிரித்துப் போடும் மணல்

இந்தக் கடற்கரையின் கருமணல் மலையிலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்குப் போய், அலையால் திரும்பக் கரைக்கு வந்து சேர்ந்த சரக்கு அது. வெள்ளை மணலான குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு, 2.65. கருமணலில் கலந்திருக்கும் கனிமங்களான இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவை 4.5-க்கு மேல், கார்னெட் ஏறக்குறைய 4. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது, முறத்தில் புடைப்பது போல, அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கனத்தது கரையில் தங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் கரையில் கறுப்பும் செம்பழுப்புமாக வரி வரியாகப் படிவது அப்படித்தான்.

அந்த மணலில் ஒரு கைப்பிடி எடுத்து உலர்த்தி, ஒரு தாளில் பரப்பி, பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தை அடியில் நகர்த்திப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்து வரும்; அது பெரும்பாலும் இல்மனைட். கார்னெட்டின் செந்நிறத் துகள்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கி நகரும். வெள்ளை மணலும் சிர்கானும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழுப்பு மஞ்சளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் துகள்களில் மோனசைட் இருக்கலாம். கையில் இருக்கும் அந்தக் காந்தம் நியோடிமியம் காந்தம். நியோடிமியம் கிடைக்கும் கனிமங்களில் ஒன்று மோனசைட். ஆலைக்குள் நடக்கும் பிரிப்பும் இதே வேலைதான், பெரிய அளவில். முதலில் தண்ணீரும் சுருள் தொட்டிகளும் எடையை வைத்துப் பிரிக்கும். பிறகு உயர் மின்னழுத்தக் கருவிகள் மின்சாரம் கடத்துவதையும் கடத்தாததையும் பிரிக்கும். கடைசியில் காந்தங்கள். இல்மனைட் மின்சாரத்தையும் கடத்தும், காந்தத்துக்கும் இழுபடும். இன்னொரு டைட்டானியக் கனிமமான ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்துக்கு மசியாது. சிர்கான் இரண்டுக்கும் மசியாது. மோனசைட் மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்துக்கு இலேசாக இழுபடும். வேதிப்பொருள் ஊற்றாமல், இயற்பியலை மட்டும் வைத்தே நடக்கும் பிரிப்பு. ஆலையைப் பற்றிப் பேசும்போது பலர் 'கெமிக்கல் கம்பெனி' என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

திருவிதாங்கூர் காலத்துச் சரக்கு

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார் என்பது இந்தத் தொழிலின் தொடக்கக் கதை. அந்தக் காலத்தில் மோனசைட்டுக்கு இருந்த மதிப்பு அணுசக்தியால் வந்ததல்ல. தெருவிளக்கால் வந்தது. எரிவாயு விளக்கின் வலைக்கு, மோனசைட்டில் உள்ள கதிரியக்க உலோகமான தோரியத்தின் ஆக்சைடு வேண்டும். பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் வெள்ளை வெளிச்சம் வந்ததும் அதனால்தான். மணவாளக்குறிச்சியில் பிரிப்பு ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்த தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னாளில் மின்விளக்கு வந்து மேன்டில் சந்தை சுருங்கியது. அதே மணலின் இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டையாக்சைடு வெள்ளைச் சாயத்துக்குக் கிராக்கி ஏறியது. இன்று நம் வீட்டுச் சுவரின் பெயின்டில் இருக்கும் வெண்மைக்கும் அதுவே மூலப்பொருள்.

சுதந்திரத்துக்குப் பின் கணக்கு மாறியது. 1950 ஆகஸ்ட் 18-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் (இன்றைய ஐ.ஆர்.இ.எல்.) தொடங்கப்பட்டது. முதல் ஆலை கேரளத்து ஆலுவாயில். 1963-ல் அது முழுமையாக மத்திய அரசு நிறுவனமாகி அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. 1965-ல் கேரளத்துச் சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் இருந்த தனியார் ஆலைகள் அதன் கைக்கு வந்தன. இதற்கிடையே 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தது. மணல் தமிழ்நாட்டில், அதன் மோனசைட்டைத் தொடக்கத்தில் பதப்படுத்திய ஆலை கேரளத்தில், உரிமை டெல்லியில். இந்த மூன்று முனை அமைப்பு அன்று முதல் தொடர்கிறது.

ஐந்து ஊர்களும் ஓர் ஏற்பாடும்

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது. மணவாளக்குறிச்சி ஆலை முதன்மையாக எதை நம்பி ஓடியது என்று நிறுவனமே தன்னைப் பற்றிய விவரத்தில் சொல்லியிருக்கிறது: சுற்றியுள்ள ஐந்து மீனவ ஊர்களின் மக்கள் கரையிலிருந்து சேகரித்துத் தரும் மணல். நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகை நிலங்களும் இருக்கின்றன. மிதவை எந்திரத்தால் மணல் உறிஞ்சும் முறையும் உண்டு. ஆனாலும் ஓர் அணுசக்தித் துறை நிறுவனத்தின் மூலப்பொருள் சங்கிலி மீனவர்களின் மண்வெட்டியில் தொடங்குகிறது என்பது உலகத்தில் அதிகம் காணக்கிடைக்காத ஏற்பாடு.

இதில் நேரக் கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. கருமணல் கரையில் சேரும் பருவமும், கடலுக்குப் போக முடியாத பருவமும் ஒன்று. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளக்காரர்களுக்குத் தடை இல்லாவிட்டாலும் அந்தக் கடலில் வள்ளம் இறக்குவது உயிரைப் பணயம் வைப்பது. அடுப்பு எரியச் சிரமப்படும் அந்த மாதங்களில், கடல் கரையில் கொண்டுவந்து போடும் மணலுக்கு விலை இருந்தது. இதை எந்த நிர்வாக அறிஞரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. இயற்கையும் தேவையும் சேர்ந்து உண்டாக்கிய பொருத்தம்.

விற்பவருக்கு ஒரு பிடி இருக்கிறது. விலை பிடிக்கவில்லை என்றால் மணலை நிறுத்தலாம். நிறுத்தினால் ஆலை உணரும். ஊர் கமிட்டி, பங்குப்பேரவை (தேவாலயப் பங்கு மக்களின் மன்றம்) என்று இந்தக் கடற்கரையில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள் பேரம் பேசப் பயன்படும். மீனவ ஊர்களில் எந்த விஷயமானாலும் பங்குத்தந்தையும் ஊர் நிர்வாகமும் முன்னால் நின்று பேசுவது வழக்கம் என்பதால், நிறுவனத்துக்கும் யாரோடு பேசுவது என்ற குழப்பம் இருக்காது. இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கரையிலிருந்து மணலை எடுத்தால் கரை மெலியும் என்ற கவலை இங்கே பழையது. கடலரிப்பு இந்த மாவட்டத்தின் நிரந்தரப் புகார். 'தூண்டில் வளைவு கட்டித் தா' என்று, கடலுக்குள் நீளும் கல்தடுப்பு கேட்கும் கோரிக்கை எழாத தேர்தல் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி குளச்சல், கொட்டில்பாடு கரைகளைத் துடைத்துப் போன பிறகு, கரையில் ஒரு கூடை மணல் குறைந்தாலும் மக்கள் கண்ணில் படுகிறது. கதிரியக்கம் கொண்ட மணலை வெறுங்கையால் அள்ளுவது பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஆனால் இந்தக் குறைகளோடு சேர்த்தே அந்த உறவில் ஒரு சமநிலை இருந்தது: ஆலைக்கு ஊர் தேவைப்பட்டது.

சரக்கு எங்கே போகிறது

நிறுவனம் சொல்லும் கணக்கின்படி மணவாளக்குறிச்சி ஆலையின் ஆண்டுத் திறன்: சுமார் 90,000 டன் இல்மனைட், 10,000 டன் சிர்கான், 10,000 டன் கார்னெட், 3,500 டன் ரூட்டைல், 3,000 டன் மோனசைட். கூட்டிப் பார்த்தால் மோனசைட் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது அந்தச் சின்னப் பங்குதான். தோரியம் இருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. 2013-ல் தமிழ்நாடு அரசு தென்மாவட்டங்களில் தனியார் தாதுமணல் எடுப்புக்குத் தடை போட்டது. 2019-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, கடற்கரைத் தாதுமணலை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. ஆக, இன்று இந்தக் கடற்கரையில் சட்டப்படி மணல் வாங்கவோ எடுக்கவோ வருபவர் அரசுதான். விற்பவருக்கு மாற்று வாங்குபவர் கிடையாது. பேரத்தில் இது எந்தப் பக்கம் கனக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்தெடுத்த பிறகு மதிப்பு கூடும் வேலைகள் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே நடக்கின்றன. மோனசைட்டைக் கரைத்து, நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை ஒடிசாவில், சத்ரபூரில். சுத்திகரிப்பு ஆலுவாயில். இல்மனைட் சாயத் தொழிற்சாலைகளுக்கு. சிர்கான் டைல்ஸ், பீங்கான் தொழிலுக்கு. மின்சாரக் கார், புதிய வகைக் காற்றாலை ஆகியவற்றின் நிலைக்காந்தங்களுக்கு நியோடிமியம் வேண்டும் என்பதால் அருமண் தனிமங்கள் இப்போது தேசியப் பாதுகாப்பு அளவுக்குப் பேசப்படுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடி சுழல்வதைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. ஆனால் காந்தம் செய்யும் பட்டறை ஒன்றுகூட இங்கே வரவில்லை. பசுமைத் தொழிலுக்கான மூலப்பொருள் போகிறது. வேலை வேறெங்கோ உண்டாகிறது. கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்காக மலைக்கல் டிப்பர் டிப்பராகக் களியக்காவிளை தாண்டிப் போவதைப் பார்த்த மக்களுக்கு, மணல் பேச்சு வரும்போது அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

இரண்டு சதவீதம்

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பள்ளிக்குக் கட்டடம், ஊருக்குக் குடிநீர், மருத்துவ முகாம், தையல் பயிற்சி என்று நாடெங்கும் இந்தப் பணம் போகும் வழி ஏறக்குறைய ஒன்று. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிணற்றில் உப்பு ஏறிய கடலோர ஊருக்குக் குடிநீர்க் குழாய் வருவது பெரிய காரியம்.

ஆனால் சமூகப் பொறுப்பின் இலக்கணத்திலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுவனத்தின் வழக்கமான தொழிலைச் சேர்ந்த செலவை இந்தக் கணக்கில் எழுத முடியாது. அப்படியானால் தோண்டிய குழியை நிரப்புவது, தூசி பறக்காமல் பார்ப்பது, நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எல்லாம் சமூகப் பொறுப்பில் வராது. அவை தொழிலின் கடமை. மக்களின் புகார்கள் அத்தனையும் இந்தக் கடமைப் பக்கத்தில் இருக்கின்றன. நிறுவனங்களின் ஆண்டறிக்கைப் படங்களோ அத்தனையும் பொறுப்புப் பக்கத்தில். ரிப்பன் வெட்டும் படத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. கிணற்று நீரின் உப்பளவுக்கு ஒரு வரி கிடைப்பதில்லை. கனரகத் தொழில் எங்கே நடந்தாலும் இந்தக் கோளாறைப் பார்க்கலாம்.

இன்னொரு பணமும் உண்டு. 2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. பழைய குத்தகைகளுக்கு, கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் விட்டவற்றுக்கு 10 சதவீதமும் பாதிக்கப்பட்ட பகுதிக்காக அதில் சேர வேண்டும். இது நிறுவனத்தின் கருணை அல்ல, சட்டப்படியான பங்கு. ஆனால் கடற்கரையில் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிக் கேட்பவர் அளவுக்கு இதைப் பற்றிக் கேட்பவர் இல்லை.

அளப்பவர் யார்

கதிர்வீச்சைத் தொடாமல் இந்த ஆய்வு நகராது. அடிப்படை இதுதான்: இந்தக் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு ஆலைக்கு முன்பே இருந்தது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். மணல் இங்கே வந்த நாளிலிருந்து அது கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சவறை, மணவாளக்குறிச்சிப் பட்டைகளில் அதைவிடப் பல மடங்கு பதிவாகும் இடங்கள் உண்டு. ஆலையால் பொதுமக்களுக்குக் கூடுதலாக வரக்கூடிய அளவுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கை அளவு இதில் சேராது. வரம்பைவிட இயற்கையே அதிகமாக இருக்கும் இடத்தில், 'வரம்புக்குள் இருக்கிறோம்' என்று நிறுவனம் சொல்வதும், 'கருவி அதிகம் காட்டுகிறது' என்று மக்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இந்த ஒன்றை யாராவது பொறுமையாக விளக்கியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

மோனசைட்டை எடுத்துவிட்டு மீதி மணலைத் திரும்பக் கொட்டினால் அந்த நிலத்தின் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். இயற்பியல்படி சரியான வாதம். எடுத்த மோனசைட் ஆலையில் செறிவாகக் குவிகிறது, கையாளும்போது தூசி வருகிறது என்பது எதிர்வாதம். அதுவும் சரிதான், அதற்காகத்தான் பாதுகாப்பு விதிகளே இருக்கின்றன. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்திய, உலக அளவில் மதிக்கப்படும் ஆய்வு அது. ஆனால் அதே மையத்துக்குச் சிகிச்சைக்காகப் பேருந்து ஏறும் குமரி மாவட்டத்துக் குடும்பத்திடம் போய், கொல்லத்து எண்ணைக் காட்டி 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது அறிவியலாக இருந்தாலும் பதிலாகாது. அவர்கள் கேட்பது தங்கள் ஊரின் பதிவேட்டை.

அதோடு, அளப்பவர் யார் என்ற கேள்வி. ஆலை அணுசக்தித் துறையுடையது. ஆலையில் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் பிரிவு பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. அதுவும் அதே துறை. 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமோ அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாகவே உருவாக்கப்பட்டது. ஆணையத்தின் தலைவரே துறையின் செயலாளர். வாரியத்துக்குத் தன்னாட்சி போதவில்லை என்று 2012-ல் இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை எழுதியது. அளவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். செய்பவரும் அளப்பவரும் அனுமதிப்பவரும் ஒரே குடும்பமாக இருக்கும்போது, சரியான எண்ணுக்கும் ஊரில் மரியாதை கிடைக்காது என்பதே நான் சொல்வது.

கிள்ளியூர்

இந்தப் பின்னணியோடு கிள்ளியூருக்கு வருவோம். 1,144 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 2,827 ஏக்கர். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர் வாழ்ந்த, சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் நெருக்கியடிக்கும் மாவட்டம் இது. இந்தக் கடலோரத்தில் வீடு, தோப்பு, தேவாலயம், கல்லறைத் தோட்டம், மீன் இறங்குதளம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மணவாளக்குறிச்சி முறையில் கடல் கொண்டுவந்து போட்டதை அள்ளினார்கள்; அடுத்த பருவத்தில் கடல் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தது. கிள்ளியூர்த் திட்டம் நிலத்தைத் தோண்டும் சுரங்கம். தோண்டிய மணலில் பெரும்பகுதி கனிமம் நீக்கித் திரும்பக் கொட்டப்படும், மரம் நடப்படும் என்பது இந்தத் தொழிலின் நடைமுறை. ஆனால் கடலோர மணல்மேடு மழைநீரைத் தாங்கி வைத்திருக்கும் தொட்டி. உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்பது அந்த மணலுக்குள்தான். அடுக்கு கலைந்து திரும்பக் கொட்டிய மணல் அதே வேலையைச் செய்யுமா என்பது கிணற்றை நம்பியிருப்பவர் கேட்கும் நியாயமான கேள்வி.

இந்த ஊர்களுக்கு வேறு நினைவுகளும் உண்டு. 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. போராட்டம் வெடித்தது, திட்டம் இனயத்தை விட்டு நகர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். பக்கத்துத் தூத்தூர் வட்டாரம் ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்களின் தாய்வீடு. கடலுக்குப் போனவர்களைத் தேட அரசு தாமதித்தது என்ற கோபம் இன்றும் அங்கே ஆறவில்லை. டெல்லியிலிருந்து ஒரு திட்டம் வருகிறது என்றாலே முதலில் சந்தேகம்தான் எழும்; நிறுவனம் தானே சம்பாதிக்காத சந்தேகத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உள்ளே வந்தது.

கூட்டத்தின் ஏற்பாட்டை இப்போது பாருங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும் என்கிறது. தேர்ந்தெடுத்த இடம் தக்கலை. கொல்லங்கோட்டுக் கடற்கரையிலிருந்து மார்த்தாண்டம் தாண்டி வர வேண்டும். தேர்ந்தெடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. இந்தக் கரையில் ஞாயிறு மட்டுமே பெரும்பாலோர் கடலுக்குப் போகாத நாள். தேர்ந்தெடுத்த மாதம் அக்டோபர்; தடைக்காலம் முடிந்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருக்கும் பருவம். யாரும் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க எனக்குக் காரணமில்லை. அலுவலகக் காலண்டரைப் பார்த்து நாள் குறித்திருப்பார்கள், கடல் காலண்டரைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஊரில் அது எப்படிப் படிக்கப்படும் என்பது வேறு விஷயம்.

2025 செப்டம்பரில் நிலைமை இன்னொரு திருப்பம் கண்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. தமிழ்நாடு முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தேசத்துக்கு அருமண் தேவை என்பது விலக்குக்கு அடிப்படையான வாதம். தேவை உண்மைதான், அருமண் சந்தையில் சீனாவின் பிடி எப்படிப்பட்டது என்பதை 2025 முழுவதும் உலகம் பார்த்தது. ஆனால் தேவை அவசரமானது என்பதால் கேட்கும் கட்டாயத்தை நீக்குவது, கிள்ளியூரில் ஏற்கெனவே இருந்த குறையைச் சட்டமாக்குவது.

மேலாளரின் மேசை

இனி இதை நிறுவனத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். திட்ட மேலாளர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலக்கு கையில் இருக்கிறது. மூன்று வழிகள் அவருக்குத் தெரியும். விலக்கைப் பயன்படுத்தி வேகமாகப் போகலாம். சமூகப் பொறுப்பு நிதியைக் கூட்டி ஊர்களுக்குள் நுழையலாம். அல்லது மணவாளக்குறிச்சியின் பழைய ஏற்பாட்டில் என்ன வேலை செய்தது என்று திரும்பிப் பார்க்கலாம்.

முதல் வழியில் காகிதத்தில் காலம் மிச்சமாகும். களத்தில் மிச்சமாகாது. இனயம் துறைமுகத்துக்கு என்ன நடந்தது என்பது கோப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது வழியை நிறுவனங்கள் விரும்புவதற்குக் காரணம், அதைத் தனியாகவே செய்ய முடியும். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தையல் மிஷின் வாங்கிக்கொண்டவர் மறுநாள் போராட்டப் பந்தலில் உட்காருவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அவர் எதையும் விற்கவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். சுரங்கத்தில் மக்கள் மணலை விற்க முடியாது, எந்திரம் அள்ளும். ஆனால் விற்பவருக்கு இருந்த பிடியை வேறு வடிவில் தர முடியும். நிலத்தை மொத்தமாக எடுக்காமல், சின்னச் சின்னத் துண்டாக, குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்து, நிரப்பித் திரும்பக் கொடுத்து, முதல் துண்டில் கிணற்று நீர் பழைய நிலையில் இருப்பதைக் காட்டிய பிறகே அடுத்த துண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அப்போது ஊர் 'நிறுத்து' என்று சொன்னால் வேலை நிற்கும். எடுக்கும் கனிமத்தின் டன் கணக்கோடு இணைந்த தொகை ஊருக்கு வரலாம். லாபத்தில் 2 சதவீதம் என்பது சென்னைக்கும் மும்பைக்கும் புரியும் கணக்கு, டன்னுக்கு இவ்வளவு என்பது கடற்கரைக்கு நூறாண்டாகப் பழகிய கணக்கு. அளக்கும் வேலையைத் துறைக்கு வெளியே கொடுக்கலாம். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையம் இருக்கிறது. நாகர்கோவில் கல்லூரிகளில் இயற்பியல் துறைகள் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் கையில் கருவி இருந்து, அவர்கள் எடுத்த எண் தமிழில் ஊர்ப் பலகையில் எழுதப்பட்டால், அதை மறுக்க விரும்புகிறவரும் முதலில் படித்துத்தான் மறுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு கூடும், காலம் நீளும், ஒரு துண்டோடு ஊர் நிறுத்திவிடவும் கூடும். அப்படி நிறுத்தினால் அந்த மணல் அங்கேயே கிடக்கும். தோரியம் கெட்டுப்போகிற சரக்கல்ல. அந்த ஆபத்தை ஏற்க நிறுவனம் தயாரா என்பதுதான் மேலாளர் மேலிடத்துக்கு எழுத வேண்டிய குறிப்பின் முதல் வரி. இரண்டாவது வரி இன்னும் எளியது. விலக்கு என்பது கூட்டம் நடத்த வேண்டியதில்லை என்று சொல்கிறதே தவிர, நடத்தக்கூடாது என்று சொல்லவில்லை. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பலி முடிந்து, இனயத்திலோ தூத்தூரிலோ ஒரு பள்ளி மைதானத்தில் நாற்காலி போட எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை.